ஹெச்ஐவியோட படுக்கைல இருக்கறவங்கள வீட்டுக்கே போய் எப்படி பாத்துக்கறது

வலி நிவாரண சிகிச்சைனு சொன்னாலே "அவ்ளோதானா, கைவிட்டுட்டாங்களா"னு வீட்ல அழ ஆரம்பிச்சிடறாங்க. அப்படி இல்லங்க. ஏஆர்டினு ஹெச்ஐவிய கட்டுப்படுத்தற மாத்திரை நல்லா வேலை செய்யற ஆளுக்கே கால் எரிச்சல், வயித்துப்போக்கு, தூக்கமின்மைனு எத்தனையோ இருக்கும், அந்த அவஸ்தைய குறைக்கறதுதான் இது, மாத்திரையோட சேந்தே நடக்கணும். தாம்பரம் ஆஸ்பத்திரில 2004 ஏப்ரல்ல இலவசமா மருந்து குடுக்க ஆரம்பிச்ச பிறகு படுக்கைல இருந்த நெறைய பேர் எழுந்து வேலைக்கு போயிட்டாங்க, ஆனா லேட்டா தெரிய வந்தவங்களும் நடுவுல மாத்திரைய விட்டவங்களும் இன்னும் இருக்காங்க, நான் போற வீடு பெரும்பாலும் அவங்களோடதுதான்.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணி மூணு விஷயம் கேட்டுக்கோங்க: எப்ப வரலாம், வீட்ல யாருக்கெல்லாம் தெரியும், பக்கத்து வீட்ல கேட்டா நான் யாருன்னு சொல்லட்டும். இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல எங்க அமைப்போட பேர் அச்சடிச்ச பைய மாட்டிக்கிட்டு ஒரு அக்கா வீட்டுக்கு போயிட்டேன், மறுநாளே தெரு முழுக்க பேச்சு, அந்த அக்கா ரெண்டு வாரம் குழாயடிக்கே போகல. இப்ப சாதாரண மஞ்சப்பைதான். அவங்க சம்மதம் இல்லாம யார்கிட்டயும் சொல்லக்கூடாதுனு 2017ல வந்த சட்டமே இருக்கு.

உள்ள போனதும் கிளவுஸ மாட்டாதீங்க. கைய புடிங்க, கட்டில்ல உக்காருங்க, அவங்க வீட்டு டீய குடிங்க. தொட்டா, எச்சில் டம்ளர்ல குடிச்சா, ஒரே பாத்ரூம் போனா பரவாது. ரத்தம், புண், மலம் மூத்திரம் சுத்தம் பண்ணும்போது மட்டும் கிளவுஸ் போதும், இல்லனா ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் கவர். ரத்தம் சிந்தினா பழைய துணியால மூடி ப்ளீச்சிங் கரைசல் ஊத்தி 10 நிமிஷம் விட்டு தொடைங்க. அவங்களுக்கு போட்ட ஊசி உங்களுக்கு குத்திருச்சுனா அமுக்கி பிதுக்காம சோப்பு தண்ணில கழுவிட்டு உடனே ஜிஎச்சுக்கு போங்க, தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் போடணும்.

வலி எவ்ளோனு பத்துக்கு மார்க் போடச் சொன்னா வயசானவங்க முழிப்பாங்க, "ஒரு ரூபாய்க்கு எத்தன பைசா வலிக்குது"னு கேளுங்க, டக்குனு "முக்கா ரூபா"ம்பாங்க. அத நோட்ல எழுதி வச்சு அடுத்த தடவையும் கேளுங்க. வலி மாத்திரைய வலி வந்தப்புறம் இல்ல, கடிகாரத்த பாத்து குடுக்கணும். டாக்டர் மார்ஃபின்னு பலமான வலி மருந்த எழுதினா பயப்படாதீங்க, அவர் சொன்ன அளவுல வலிக்காக போடறதால போதைக்கு அடிமையாகறது ரொம்ப அபூர்வம், ஆனா மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதனால மொத நாளே அதுக்கும் மருந்து கேட்டு வாங்கிடுங்க.

வாய்ல வெள்ளையா படிஞ்சிருந்தா அது பெரும்பாலும் பூஞ்சை, டாக்டர்கிட்ட மருந்து வாங்கணும், அதுவரைக்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணில கொப்பளிச்சு, காரம் புளி இல்லாம ஆறின கஞ்சி, தயிர்சாதம். முழுங்கவே வலிக்குதுனு சொன்னா தள்ளிப்போடாதீங்க, உணவுக்குழாய் வரைக்கும் போயிருக்கலாம். வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் இல்லனா 1 லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைங்க, முதுகுல, இடுப்புல, குதிகால்ல செவப்பு தெரிஞ்சு அமுக்கினாலும் மறையலனா படுக்கைப்புண் ஆரம்பிச்சிருச்சுனு அர்த்தம், அந்த இடத்த தேய்க்காதீங்க, பாரம் படாம தலகாணி வைங்க.

ஏஆர்டிய மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது. டொலுடெக்ராவிர்ங்கற ஹெச்ஐவி மருந்து இருக்கற மாத்திரைனா ஜெலுசில் மாதிரி நெஞ்செரிச்சல் மருந்தோட சேத்து போடாதீங்க, ஜெலுசிலுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ, ஜெலுசில் போட்டு 6 மணி நேரம் கழிச்சோதான் ஏஆர்டி மாத்திரைய போடணும். சத்து மாத்திரை, நாட்டு மருந்து எது எடுத்தாலும் ஏஆர்டி மையத்துல சொல்லிடுங்க. இருமல் எத்தன நாளா இருந்தாலும் டிபி டெஸ்ட் எடுக்கணும். விடாத தலைவலியோட வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மூச்சுத்திணறல், பேச்சு குழறல், இதுல எது வந்தாலும் வீட்ல வச்சு பாக்காதீங்க, 108.

நர்ஸ் உதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல வீட்டுக்கே வந்து பாக்கற அரசு திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்துல பதிஞ்சு வைங்க, சந்தேகம்னா ஹெச்ஐவி உதவி எண் 1097க்கு அடிங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கற ஆள தனியா கூப்பிட்டு பேசுங்க. முக்காவாசி வீட்ல அது மனைவிதான், பல சமயம் அவங்களும் பாசிட்டிவ், புருஷனுக்கு நேரம் தவறாம குடுத்துட்டு தன் மாத்திரைய மறந்திருப்பாங்க. "நீ போட்டியா அக்கா"னு கேளுங்க, தண்ணி எடுத்துக் குடுங்க, "ரெண்டு மணி நேரம் நான் உக்காந்திருக்கேன், நீ போய் தூங்கு"னு சொல்லுங்க.