முதலாளி போன் எடுக்காத ராத்திரி

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவர்களுக்கு ஜூன், ஜூலையில் தூக்கம் ஏது? அன்றைக்கு வாசலில் பெங்களூரா மாம்பழ லோடு, உள்ளே பாய்லரில் வால்வு கசிவு. கசிவை அடைக்கும் 800 ரூபாய் கேஸ்கெட் வாங்க என் சம்மதத்துக்காகக் காத்திருந்தார் ஷிப்ட் சூப்பர்வைசர்; நானோ போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கிவிட்டேன். பாய்லர் ஓடாமல் லோடு இறங்கவில்லை; விடிவதற்குள் அடியில் இருந்த பழமெல்லாம் நசுங்கி, லாரியிலிருந்து சாறு ஒழுகியது. தப்பு என்னுடையதுதான்.

அப்புறம் 10,000 ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம், நோட்டில் காரணத்தை ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டேன். காலையில் டீயோடு அந்த நோட்டைப் பார்ப்பேன். சில முடிவுகள் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஆட்கள் முன்னால் ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்டால் அன்று ராத்திரியே மறுபடி போன் அடிக்கும். தொகையை உங்கள் வசதிப்படி வையுங்கள்; ஆனால் சீசனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.