திட்டம் எழுதும்போதே அவர்களும் இருக்கட்டும்

பேரிடர் திட்டக் கூட்டங்களில் எனக்குப் பொறுக்காத ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் முடிவான பிறகு, "மற்ற இனத்தவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு நோட்டீஸ் அடித்துவிடலாம்" என்பார்கள். முகாம் எங்கே, பஸ் எங்கே நிற்கும், யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று பேசும்போதே அந்த மக்கள் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் யார் யார் வசிக்கிறார்கள் என்று பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கை மட்டும் நம்பினால், அண்மையில் குடியேறியவர்கள் விட்டுப்போவார்கள். ஆசிரியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் வழிபாட்டுத் தலங்களில் இருப்பவர்களையும் கேளுங்கள். அப்புறம் நீங்களே அவர்களிடம் போங்கள், அவர்களுக்கு ஓய்வான நேரத்தில். ஒரு தலைவரோடு பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பெண்களிடமும் முதியவர்களிடமும் தனியே பேசுங்கள். கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் பணம் கொடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் பலர் வருகிறார்கள்.

இரண்டு கேள்விகளை நான் விடவே மாட்டேன். யார் சொன்னால் வீட்டைவிட்டுக் கிளம்புவீர்கள்? முகாமுக்கு வரத் தயங்க என்ன காரணம்? இரண்டாவதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பயம்தான். முகாம் வாசலில் போலீஸ் நின்று அடையாள அட்டை கேட்டால், ஆவணம் இல்லாத குடும்பம் வெள்ளம் ஏறினாலும் வீட்டிலேயே இருந்துவிடும். பதிவுக்குப் பெயரும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் போதும் என்று எழுத்தில் முடிவு செய்து, அதை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். உணவு, தொழுகை, பெண்களுக்கான மறைவிடம் ஆகியவற்றையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

அவர்களுக்குத் தெரிந்ததையும் கேளுங்கள். இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907 சுனாமியின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் பலமாக அதிர்ந்ததும் மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான்.

எச்சரிக்கையைப் பல மொழிகளில் குரலாக இப்போதே பதிவு செய்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் அங்கே கொரிய, வியட்நாமிய மொழிகளில் சிறு வானொலிகள் தொடங்கின. மொழிபெயர்க்கும் பொறுப்பைக் குழந்தைகள் தலையில் கட்டாதீர்கள்.

பல திட்டங்களில் நான் காணாதது வதந்திக்கான பக்கம். ஜப்பானில் 1923 கான்டோ நிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். ஓர் இனத்தின் மேல் பழி கிளம்பினால் அதை யார், எந்த வழியில் உடனே மறுப்பது, அந்தத் தெருக்களுக்கு யார் காவல் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

சரி, திட்டம் தயாரானதும் ஒத்திகை நடத்துங்கள். முகாம் பொறுப்பை அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்லும் குறைகளை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதை அன்றே குறித்து, அவர்கள் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.