பவளங்களைக் கொன்றது காந்தம்
இரண்டு மாதத்தில் என் கடல்நீர்த் தொட்டியில் ஐந்து பவளங்கள் போய்விட்டன. அடியிலிருந்து தசை உரிந்து வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சியது. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, காரத்தன்மையிலும் குறையில்லை. மீன்களோ ஒன்றுமே நடக்காததுபோல் நீந்தின. விளக்கைக் குறைத்துப் பார்த்தேன், வீண் வேலை.

ஒரு நாள் கண்ணாடியில் பாசி தேய்க்கும் காந்தத்தை வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் மயிரிழை விரிசல். அழுத்தியதும் பழுப்புச் சாறு கசிந்தது. உள்ளே காந்தம் துருவேறி உப்பியிருந்தது. என்னிடமிருந்த நீர்ச் சோதனைப் பெட்டி, நீரில் கரைந்த உலோகத்தைக் காட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது!

காந்தம் குப்பைக்குப் போனது. உலோகத்தை உறிஞ்சும் பிசின், நீரைச் சுத்தமாக்கும் புதிய கரி, வாரம் 20 சதவீதம் புது நீர். ஆறாவது வாரம், மிஞ்சிய கிளையொன்றின் வெள்ளை விளிம்பில் ஊதாத் தசை மெல்ல ஏறத் தொடங்கியது.