பிள்ளைகளுக்கான தோல் ஷூ இறக்குமதி: அட்வான்ஸ் அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

நோன்புப் பெருநாளுக்கும் பள்ளி திறப்புக்கும் கீழக்கரை, ராமநாதபுரம், தொண்டி கடைகளுக்கு வெளிநாட்டு ஷூ இறக்க நினைப்பவர்கள் விலையைத்தான் முதலில் பேசுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது உரிம எண். தோல் காலணிக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பட்டியலில் வரும் காலணி ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் துறைமுகத்தைத் தாண்டாது. அந்த முத்திரைக்கான உரிமம் செய்கிற தொழிற்சாலைக்குத்தான் கிடைக்கும். நமக்கும் கிடையாது, இடையில் நின்று விற்கும் டிரேடருக்கும் கிடையாது.

சரக்கு எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேல்பாகத்தின் வெளிப்பரப்பில் எந்தப் பொருள் அதிகமோ, அதை வைத்துத்தான் கஸ்டம்ஸ் வகைப்படுத்தும். அசல் தோல் அதிகமென்றால் கஸ்டம்ஸ் வகை எண் 6403. 'பியு லெதர்' என்று விற்கப்படும் செயற்கைத் தோல் பிளாஸ்டிக் கணக்கு, 6402. அடுத்து இந்தியத் தர எண். சாதாரண ஷூவுக்கு ஐஎஸ் 17043, ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு ஐஎஸ் 15844. முழுக்க ரப்பர், பாலிமரில் செய்தவற்றுக்குத் தனி ஆணை உண்டு. இந்த ஆணைகள் அடிக்கடி திருத்தப்படுவதால், ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

தொழிற்சாலை 'சிஎம்/எல்' என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்ததும் இந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். அவர்கள் அனுப்பும் பிடிஎஃப் போதாது. நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: தொழிற்சாலையின் பெயர், முகவரி, தர எண், காலாவதித் தேதி. அதிகம் சறுக்குவது முகவரியில்தான். உரிமம் ஒரு முகவரிக்கு மட்டுமே செல்லும். அதே முதலாளியின் பக்கத்து ஊர் ஆலையில் தைத்த ஷூவுக்கு அது உதவாது. ஸ்போர்ட்ஸ் ஷூ உரிமத்தைக் காட்டிப் பள்ளி ஷூவை ஏற்றிவிடுவதும் நடக்கும். இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் டிரேடர் பெயரோடு தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் இருக்கட்டும்.

உரிமமே இல்லாத தொழிற்சாலையிடம் அதை வாங்கச் சொல்லலாம். ஆனால் விண்ணப்பம், பிஐஎஸ் அதிகாரிகளின் நேரடி ஆய்வு, மாதிரிச் சோதனை, இந்தியாவில் ஒரு பிரதிநிதி, 10,000 டாலர் வங்கி உத்தரவாதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். முந்நூறு நானூறு ஜோடி வாங்கும் கடைக்காக எவரும் இதைச் செய்யமாட்டார்கள். அந்த அளவுக்கு ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் முத்திரையுள்ள சரக்கை எடுப்பதே லாபம்.

பணம் போகுமுன் உற்பத்தி வரிசையில் இருக்கும் ஒரு ஜோடியின் படத்தைக் கேளுங்கள். ஷூவிலும் பெட்டியிலும் முத்திரை, அதன் மேலே தர எண், கீழே உரிம எண் தெளிவாகத் தெரிய வேண்டும். மையில் அடித்தது வேண்டாம், அழுத்திப் பதித்ததையே கேளுங்கள். நம் கடற்கரைக் காற்றில் மை கசிந்துவிடும். முத்திரை மங்கிய ஷூவை விற்கும்போது கேள்வி கடைக்காரரிடம்தான் வரும்.

எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர் முகவரி, உற்பத்தி நாடு, தயாரித்த மாதமும் ஆண்டும், ஒரு ஜோடி என்ற அளவு, புகார் தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இந்த லேபிள் நம் பொறுப்பு. ஐஎஸ்ஐ முத்திரையை மட்டும் தூத்துக்குடி குடோனில் உட்கார்ந்து ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தொழிற்சாலையில் மட்டுமே பதிக்க வேண்டியது.

முத்திரையில்லாமல் வந்து நின்றால் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். அதுவரை கண்டெய்னர் வாடகையும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணமும் ஏறும். பிஐஎஸ் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ வரலாம். பயணிகளாக வந்து சரக்கு சுமந்து தரும் குருவிகள் கையில் பெட்டி பெட்டியாக வரும் சரக்குக்கும் இதிலிருந்து விலக்கில்லை. விற்பனைக்குக் கொண்டுவந்தது சொந்த உபயோக லக்கேஜ் ஆகாது.

சரக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் சிலிகா ஜெல் பொட்டலம் கேளுங்கள். குடோனில் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கஸ்டம்ஸில் தாக்கல் செய்த இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியின் நகலும், வாங்கிய அன்று செயலியில் எடுத்த உரிம ஸ்கிரீன்ஷாட்டும் லாட் வாரியாகக் கடையிலேயே ஒரு ஃபைலில் இருக்கட்டும்.