படம் வந்தது, பாட்டு வரவில்லை

குன்னூரில் ஐப்பசி மழை ஓய்ந்ததும் நின்டெண்டோ ஃபாமிகாம் என்ற பழைய வீடியோ கேம் பெட்டியை வெளியே எடுத்தேன். சூப்பர் மாரியோ ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. 1985-இல் கோஜி கோண்டோ போட்ட அந்த இசைக்காகத்தான் இதை வைத்திருப்பதே. ஆட்டத்தில் மூன்றாம் உலகத்தைத் தாண்டியதில்லை.

ஒயரை மாற்றினேன், டிவியைத் திட்டினேன். இரண்டும் வீண். அப்புறம்தான் சங்கதி புரிந்தது. இந்தப் பெட்டியில் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. கேம் கேசட்டின் 60 பின்களில் (உலோகத் தொடுமுனைகளில்) 45-ஆவது பின் வழியாகக் கேசட்டுக்குள்ளே போய், 46-ஆவது பின் வழியாகத் திரும்புகிறது. சில கேசட்டுகள் தங்கள் சொந்தச் சிப்பின் ஒலியையும் கலப்பதற்காக இந்தச் சுற்றுவழி. சாதாரணக் கேசட்டில் இரண்டு பின்னும் உள்ளேயே இணைந்திருக்கும், அவ்வளவுதான். அங்கே அழுக்கு ஏறினால் படம் வரும், பாட்டு வராது.

(வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் கெடுக்கும். நானும் வருஷக்கணக்காக ஊதியவன்தான்.)

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தேய்த்தேன். நான்காவது குச்சிதான் வெள்ளையாக வந்தது. கால் மணி நேரம் காயவிட்டுச் சொருகினேன். முக்கோண வடிவ ஒலியலையில் எழும் அந்தத் தாழ்ந்த பேஸ் ஒலி சமையலறை வரை கேட்டது.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்றார் அம்மா.

கேசட்டுகள் இப்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.