இடிக்கும் முன் ஒரு வருஷம்: நீலகிரிப் பழைய கட்டடத்தைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

ஊட்டியிலும் குன்னூரிலும் நூறு வருஷத்துக் கட்டடத்தைக் காட்டி "இது இனி தாங்காது" என்று சொல்லும்போது, பெரும்பாலும் கண்ணில் படுவது ஓதம் ஏறிய சுவரும் பொரிந்து உதிரும் பூச்சும்தான். இரண்டுக்கும் காரணம் தண்ணீர். அதை வெளியேற்றி, இரண்டு பருவமழையும் கடந்த பிறகு பார்த்தால்தான் கட்டடத்தின் உண்மையான பலம் தெரியும். அதற்கு முன்னால் இடிக்கும் முடிவை எடுக்கக் கூடாது.

இடித்தால் அதே இடத்தில் அதே அளவில் கட்ட அனுமதி கிடைக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். மலைப்பகுதிக்குத் தனிக் கட்டட விதிகள் உண்டு. நீலகிரியில் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பும் உண்டு. புதுக் கட்டடம் இன்றைய விதிப்படிதான் எழும்ப வேண்டும். நகராட்சியில் இதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

விரிசலைப் படிப்பது

விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையையும் சாந்தால் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு விரிசலுக்கு இரண்டு துண்டு போதும். ஒரு வருஷம் ஆகியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது என்றோ ஓய்ந்துபோன பழைய விரிசல்; காரை (சுண்ணாம்புச் சாந்து) அடைத்தால் போதும். உடைந்தால் விரிசல் போகும் திசையைப் பாருங்கள். மூலையில் படிப்படியாகச் சாய்ந்து இறங்கினால் கடைக்கால் (அஸ்திவாரம்) இறங்குகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடினால் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) விரிந்து சுவரை வெளியே தள்ளுகிறது. இரண்டாவதுக்கு எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினால் தீர்ந்துவிடும். இதற்காக ஒரு கட்டடத்தை இடிப்பது அநியாயம். தூக்குக்குண்டு விட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றரை அடிச் சுவர் உச்சியில் 3 அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் பழக்கமுள்ள பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும்.

தண்ணீரை வெளியேற்றுவது

முதலில் கூரையோரத் தகர வாய்க்கால். மரத்து இலையும் பாசியும் அடைத்தால் மழைநீர் முழுக்கச் சுவரில்தான் வழியும். ஜூன் மழைக்கு முன் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பெருமழை பெய்யும்போதே குடையோடு ஒரு சுற்று வந்தால் எங்கே வழிகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது தரைமட்டம். பூச்செடிப் பாத்தி, சிமெண்ட் நடைபாதை, தார் ரோடு என்று வெளித்தரை வருஷாவருஷம் உயர்ந்திருக்கும். வீட்டின் உள்தரையைவிட வெளித்தரை குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். மேட்டுப்பக்கச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வடிகால் வெட்டி, 100 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்துச் சரளை நிரப்புங்கள். கடைக்கால் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அதோடு சுவரும் இறங்கும். மரத்தளம் உள்ள வீடுகளில் அடியில் காற்றுத் துளைகள் இருக்கும். எலி வருகிறது என்று அவற்றைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதனால்தான் மரத்தளம் இற்றுப்போகிறது. துளையைத் திறந்து இரும்பு வலை அடியுங்கள்.

மூன்றாவது, பெரிய கேடு: சுண்ணாம்புச் சுவர்மேல் பூசிய சிமெண்ட். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மேலேறும். ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லையே தின்னும். சிமெண்ட் பூச்சைக் கையுளியால் மட்டும் கொத்தி எடுங்கள். மின்சாரச் சுத்தியல் வேண்டாம். எங்கே கொத்தினால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வருகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். சுவர் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருஷம் ஆகும். பொறுமை இல்லாமல் பூசியவர்கள்தான் மறுபடி பூசுகிறார்கள்.

காரை

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். சல்லடையில் வடித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று மாதம் ஊறவிடுங்கள். சுவர்ப் பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய பருமணல். ஈரம் அடிக்கும் இடத்தில் சுண்ணாம்பு, செங்கல்தூள், மணல் சமபங்கு. கல் இணைப்புகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, நனைத்து, பிறகு அழுத்தி அடையுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரம் காக்க வேண்டும்.

"சீக்கிரம் இறுகட்டும்" என்று கொத்தனார் ஒரு கை சிமெண்ட் சேர்ப்பார். விடாதீர்கள். உறைபனி நாட்களில் பூசினால் காரைக்குள் இருக்கும் நீர் உறைந்து பொருக்கு விடும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையே சரியான காலம். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான்.

கூரை

மங்களூர் ஓட்டைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது சுவருக்கு ஆபத்து. 4 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. ஓடு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. இற்றுப்போன ரீப்பரை (ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டம்) மட்டும் மாற்றுங்கள். சுவருக்குள் புதைந்த கைமர முனைகளை ஊசி கொண்டு குத்திப் பாருங்கள். முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான்.

இடித்தே ஆக வேண்டுமென்றால்

கண்ணாடித் துண்டு வருஷா வருஷம் உடைந்து, கடைக்காலோடு சரிவும் நகர்ந்தால் இடிப்பதே சரி. அப்போதும் கோடையில், மேலிருந்து கீழாகப் பிரியுங்கள். முதலில் அளவு வரைபடமும் புகைப்படமும் எடுங்கள். பின்சுவர் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கலாம். அதைத் தொடும் முன் தடுப்புச்சுவர் கட்டி, நீர் கசிய அதில் துளைகள் விடுங்கள். 2009 நவம்பர் மண்சரிவுகள் இங்கே எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

தேக்கு உத்திரத்தை விறகுக் கடைக்குத் தள்ளாதீர்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தைத் தாங்கும் உத்திரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையில் இருந்து வந்தவை. 1831-இல் தேவாலயம் திறந்ததிலிருந்து நிற்கின்றன. பிரித்த மரத்தில் ஆணிகளைப் பிடுங்கி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, நடுவில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். மேலே தகரம் போடலாம். பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.