மார்ட்டின் கோர் நினைவுக் கூட்டத்தைத் திருகோணமலையில் நடத்துவது எப்படி

வளரும் நாடுகளுக்கு நீதியான வர்த்தக விதிகள் வேண்டும் என்று வாதாடிய மலேசியரான மார்ட்டின் கோர் 2020 ஏப்ரல் 1 அன்று பினாங்கில் காலமானார். ஒப்பந்தங்களின் சட்டமொழியைப் பொதுமக்களுக்கும் விளங்கும்படி எழுதியதே அவரது பணியில் முதன்மையானது என்பது என் கணிப்பு. ஆகவே அவரை நினைவுகூர விரும்பும் வாசகர் வட்டமோ கடற்றொழிலாளர் சங்கமோ புகழுரைகளைச் சுருக்கிவிட்டு, ஓர் ஒப்பந்த ஆவணத்தைச் சபையோடு சேர்ந்து வாசிப்பதே பொருத்தமாகும்.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் எவரும் வரமாட்டார்கள் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்துச் சனிக்கிழமைப் பிற்பகலைத் தெரிவுசெய்யுங்கள். கிண்ணியா, மூதூரிலிருந்து வருவோர் பேருந்தில் திரும்ப வேண்டியிருப்பதால் ஐந்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் போதும். கேம்பிரிட்ஜில் பொருளியல் கற்றவர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் பணியாற்றியவர், வளரும் நாடுகளுக்காகக் குரல்கொடுக்கும் அமைப்பான மூன்றாம் உலக வலையமைப்பை வழிநடத்தியவர், 2009 முதல் 2018 வரை வளரும் நாடுகளின் கூட்டமைப்பான ஜெனீவாவின் தெற்கு மையத்தில் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்தவர் என்பவற்றைச் சொன்னால் நிறைந்துவிடும்.

வாசிப்பதற்கு, 2001 நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஏற்ற, ஏழே பந்திகள் கொண்ட பொதுச் சுகாதாரப் பிரகடனத்தைப் பரிந்துரைக்கிறேன். அந்நிறுவனத்தின் அறிவுசார் சொத்து ஒப்பந்தம் ஆக்கவுரிமைக்குக் (கண்டுபிடிப்பாளருக்கான தனியுரிமைக்கு) குறைந்தது 20 ஆண்டுப் பாதுகாப்பைக் கோருவதால் மருந்து விலை உயரும் நிலையில், மக்களின் சுகாதாரத்தைக் காக்க அரசுகள் நடவடிக்கை எடுப்பதை அவ்வொப்பந்தம் தடுக்கக் கூடாது என்று நான்காம் பந்தியும், கட்டாய உரிமம் (ஆக்கவுரிமையாளரின் சம்மதமின்றியே பிறர் அம்மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று ஐந்தாம் பந்தியும் கூறுகின்றன. கோரின் வலையமைப்பும் இதற்காகக் குரல்கொடுத்தது. இவ்விரு பந்திகளையும் முன்கூட்டியே தமிழாக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு வழங்குங்கள். மருந்தாளர் ஒருவரை அழைத்து, ஒரே மருந்தின் வணிகப் பெயர்ப் பெட்டியையும் மூலப்பெயர் (மருந்துப் பொருளின் பொதுப்பெயர்) பொறித்த பெட்டியையும் காட்டி விலைகளைச் சொல்லச் செய்தால், சபை தானாகவே பேசத் தொடங்கும். மருந்துகளை மூலப்பெயரில் கொள்வனவு செய்ய வேண்டும் என்று போராடி, 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான சேனக பிபிலேயை அப்போது குறிப்பிட்டால், இந்தப் பிரச்சினை நம் தீவுக்குப் புதியதன்று என்பதும் விளங்கும்.

கடற்றொழிலாளர்கள் மிகுதியாக வருவார்களாயின், 2022இல் ஏற்கப்பட்ட, உலக வர்த்தக நிறுவனத்தின் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

சபையில் எழும் கேள்விகளை ஒருவர் எழுதிவைத்து, கூட்டம் முடிந்த வாரத்திலேயே கொழும்பிலுள்ள வர்த்தகத் திணைக்களத்துக்கு அனுப்பி, வரும் பதிலைப் பங்குபற்றிய அனைவருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும்.